அப்பா ஒரு மதம், அம்மா ஒரு மதம்: குழந்தைக்கு 'மதம்' கட்டத்துல என்ன எழுதுறது?

குழந்தை பொறந்ததும் ரெண்டு வீட்டுலேருந்தும் வர்ற கேள்வி "அப்போ இது எந்தப் பக்கம்?"ங்கிறதுதான். அதுக்கு இன்னிக்கே பதில் சொல்லணும்னு ஒண்ணும் இல்ல. ஆனா பேப்பர்ல என்ன எழுதப் போறோம்ங்கிறதுக்கு மட்டும் எல்கேஜி சேர்க்கறதுக்குள்ள ரெண்டு பேரும் உக்காந்து பேசி முடிச்சிடுங்க. வீட்டுல என்ன கும்பிடுறோம்ங்கிறது வேற, ரெக்கார்டுல என்ன இருக்குங்கிறது வேற, இத ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறதாலதான் பாதி சண்டையே வருது. (நான் சொல்றது எல்லாம் தமிழ்நாட்டு நிலவரம்.)

முதல்ல பிறப்புப் பதிவு. 21 நாளைக்குள்ள பதியணும், ஆஸ்பத்திரில பொறந்தா அவங்களே அனுப்பிடுவாங்க. அந்த ஃபார்ம்ல மதம் கேப்பாங்கதான், அது அரசாங்கத்தோட புள்ளிவிவரக் கணக்குக்கு, உங்க கைக்கு வர்ற பர்த் சர்டிபிகேட்ல மதம் வராது, அதனால அங்க டென்ஷன் ஆகாதீங்க. பேர்லயும் அவசரம் வேணாம், பேர் இல்லாமலே பதிஞ்சுட்டு ஒரு வருஷத்துக்குள்ள சேர்த்தா காசு கிடையாது, அப்புறம் லேட் ஃபீஸ் கட்டி 15 வருஷம் வரைக்கும் சேர்க்கலாம். ரெண்டு பாட்டியும் ஆளுக்கொரு பேரோட நிக்கிறாங்கன்னா கனி, நிலா, அருள் மாதிரி எந்த வீட்டுலயும் உறுத்தாத பேரா பாருங்க.

நிஜமான சிக்கல் ஸ்கூல் அப்ளிகேஷன்லதான். மதம், ஜாதி எதுவும் சொல்ல விருப்பம் இல்லன்னா அந்தக் கட்டத்த காலியா விடலாம், இல்ல 'மதமற்றவர், சாதியற்றவர்'னு எழுதலாம், இதுக்கு 1973லயும் 2000லயும் தமிழ்நாடு அரசு ஆணையே போட்டிருக்கு. ஆனா கவுண்டர்ல இருக்கறவங்க "சிஸ்டம் எடுக்காது சார், எதையாவது போடுங்க"ன்னு சொல்லுவாங்க, அங்க மல்லுக்கட்டாம ஆணை காப்பியோட ஒரு லெட்டர் எழுதி ஹெச்.எம். கிட்ட குடுத்துட்டு, இன்னொரு காப்பில சீல் வாங்கி வச்சுக்கோங்க. அப்புறம் எமிஸ்ல (ஸ்கூல் பசங்க விவரம் ஏத்துற அரசு ஆன்லைன் பதிவு) என்ன ஏத்திருக்காங்கன்னு கேட்டுப் பாருங்க, ஏன்னா டிசி அதுப்படிதான் வரும். தனி சர்டிபிகேட்டா வேணும்னாலும் வழி இருக்கு, திருப்பத்தூர் வக்கீல் சினேகா 2019ல தாசில்தார்கிட்ட 'சாதி மதம் அற்றவர்'னு வாங்கினாங்களே, பல வருஷம் அலைஞ்சுதான் கெடச்சுது.

ஆனா கொள்கை வேகத்துல இத முடிவு பண்ணாதீங்க. சமூகச் சான்றிதழ் இல்லன்னா இடஒதுக்கீடு கிடையாது, அந்த நஷ்டம் பதினெட்டு வயசுல புள்ளைக்குதான். ஜாதி மாறின கல்யாணம்னா குழந்தை எந்த முறைல வளருதுன்னு பெத்தவங்க டிக்ளேர் பண்ணி அப்பா, அம்மா ரெண்டுல ஒருத்தரோட சமூகத்த எடுத்துக்கலாம். மதமும் மாறுதுன்னா வி.ஏ.ஓ. விசாரணைல கேள்வி கூடும். அப்பா ராவுத்தர் (தமிழ் முஸ்லிம் சமூகம்), அம்மா இந்துன்னு வைங்க, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்குன்னு இருக்கற 3.5 சதவீத உள்ஒதுக்கீடு வேணும்னா பேப்பர்ல குழந்தை முஸ்லிமா இருக்கணும், ஒரு பேப்பர்ல இந்துன்னும் இன்னொண்ணுல முஸ்லிம்னும் போட்டா மாட்டிக்குவீங்க.

ரொம்ப ஜாக்கிரதையா இருக்க வேண்டியது ஒருத்தர் எஸ்.சி., இன்னொருத்தர் கிறிஸ்தவர்னு இருக்கற வீடுகள். எஸ்.சி. பட்டியலுக்கான 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் இவங்களுக்கு மட்டும்தான் எஸ்.சி. அந்தஸ்து. புதுச்சேரில ஒரு பொண்ணு, அப்பா இந்து, அம்மா கிறிஸ்தவர், நான் இந்துதான்னு சொல்லி வேலைக்காக எஸ்.சி. சர்டிபிகேட் கேட்டு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனாங்க, குழந்தையா இருக்கும்போது ஞானஸ்நானம் குடுத்தது, சர்ச்சுக்குத் தொடர்ந்து போறது இதெல்லாம் பார்த்துட்டு 2024 நவம்பர்ல முடியாதுன்னு தீர்ப்பு வந்துச்சு. பாட்டி ஆசைக்காக எப்பவோ தலைல ஊத்தின தண்ணி, வேலைக்கு அப்ளை பண்ணும்போது முன்னாடி வந்து நிக்குது. இது நியாயமான்னு கேட்டா எனக்கு இல்லன்னுதான் தோணுது, ஆனா இன்னிக்கு சட்டம் அப்படி இருக்கு, தெரிஞ்சுட்டு பண்ணுங்க.

கத்தோலிக்க சர்ச்சுல மதம் மாறாம கல்யாணம் பண்ணவங்க இன்னொண்ணும் ஞாபகம் வச்சுக்கோங்க, கத்தோலிக்கரா இருக்கறவர் 'பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் குடுத்து வளர்க்க முடிஞ்சதெல்லாம் செய்வேன்'னு அப்பவே வாக்கு குடுத்திருப்பாரு. மத்தவருக்கும் அத சொல்லணும்ங்கிறது விதி, ஆனா கல்யாணப் பரபரப்புல யாரு காதுல வாங்குனா. குழந்தை பொறந்தப்புறம் சண்டை போடாம இப்பவே பேசிக்கோங்க.

சொத்து விஷயம் சுருக்கமா. ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட்ல (மதம் மாறாமலே கல்யாணம் பண்ணிக்கற சட்டம்) பதிஞ்ச தம்பதி வேற வேற மதம்னா அவங்களுக்கும் புள்ளைங்களுக்கும் 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான், குழந்தை எந்த மதம்ங்கிற கேள்வியே அங்க வராது. ஏற்கனவே வேற முறைல கல்யாணம் ஆயிடுச்சுன்னாலும் ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட்டோட 15ம் பிரிவுல பதியலாம், 30 நாள் நோட்டீஸ் உண்டு.

வீட்டுக்குள்ள என் கணக்கு சிம்பிள், திரும்ப மாத்த முடியறத விட்டுக்குடுங்க, மாத்த முடியாதத ரெண்டு பேரும் சம்மதிச்சா மட்டும் பண்ணுங்க. மொட்டை போட்டா முடி வளந்துடும், சுன்னத் அப்படி இல்ல. பெரியவங்ககிட்ட எதையும் அவங்கவங்க புள்ளையேதான் சொல்லணும், மருமகள விட்டு மாமியார்கிட்ட "வேணாம் அத்தை"ன்னு சொல்ல வைக்காதீங்க, அது அவங்க புள்ளை வாயிலேருந்து வரட்டும்.

ஸ்கூல்ல கேட்டகிசம் (கிறிஸ்தவ மதப் பாடம்), மாரல் கிளாஸ்னு பிரிச்சு உக்கார வச்சா எதுல போடணும்னு கேப்பாங்க. அரசு அங்கீகாரம் இருக்கற ஸ்கூல்லயோ அரசு உதவி வாங்கற ஸ்கூல்லயோ பெத்தவங்க சம்மதம் இல்லாம மைனர் குழந்தைய மத வகுப்புல உக்கார வைக்கக் கூடாதுன்னு அரசியலமைப்பு 28(3)ல தெளிவா இருக்கு, வேணாம்னா எழுதிக் குடுத்தா போதும். புள்ளையே ஃப்ரெண்டு கூட போறேன்னு கேட்டா நான் அனுப்பிதான் விடுவேன்.