50 பேருக்கு வீட்டிலேயே பஃபே: ஓர் அண்டா குழம்பைக் கொட்டிய பிறகு கற்றது

விசேஷத்தன்று காலை 6 மணிக்கு அண்டாவின் மூடியைத் திறந்தேன். ஓரம் முழுக்கச் சின்னச் சின்ன நுரைக்குமிழ்கள். கரண்டியை நடுவில் விட்டால், முந்தைய நாள் இரவு 10 மணிக்கு இறக்கி வைத்த குழம்பு அப்போதும் வெதுவெதுப்பாக இருந்தது. மூக்கருகே கொண்டுபோனதும் லேசான புளிப்பு வாடை. புளியே சேர்க்காத குழம்பு அது! 12 லிட்டரையும் கொட்டிவிட்டு, இருந்த காய்களை வைத்து 4 மணி நேரத்தில் ஏதோ ஒப்பேற்றினேன்.

அதற்குப் பிறகு நான்கு முறை 40 முதல் 60 பேர் வரை வீட்டிலேயே பஃபே வைத்திருக்கிறேன். எதையும் கொட்டவில்லை. உங்களுக்குச் சமைக்கத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன், அதனால் சமையல் குறிப்பு எதுவும் இங்கே கிடையாது. சமைத்ததை எப்படி ஆறவைப்பது, எப்படிச் சூடாக வைத்திருப்பது, எங்கே பரப்புவது, இவ்வளவுதான்.

படி 1: மெனு

ஒரு சாதம், இரண்டு குழம்பு (ஒன்று சைவம்), ஒரு பொரியல், ஒரு சாலட், ஒரு இனிப்பு, நறுக்கிய பழம். இதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றையும் சேர்க்கும்போது ஒரே கேள்வி: சமைத்து ஒரு மணி நேரம் கழித்தும் இது நன்றாக இருக்குமா? எண்ணெயில் பொரித்தது எதுவும் இதில் தேறாது. முறுகல் போய்விடும், பொரிப்பவரும் அடுப்படியை விட்டு நகர முடியாது. விசேஷம் உங்களுடையது, நீங்களும் கொஞ்ச நேரம் உட்கார வேண்டாமா?

படி 2: அளவு

பெரியவர் ஒருவருக்கு எல்லாம் சேர்த்துச் சமைத்த உணவு சுமார் அரை கிலோ. குழந்தைக்கு அதில் பாதி. அரிசி தலைக்கு 80 கிராம் போதும், 50 பேருக்கு 4 கிலோ. பலரும் செய்யும் தவறு, ஒவ்வொரு வகையையும் எல்லோரும் முழுதாகச் சாப்பிடுவார்கள் என்று கணக்குப் போடுவது. வகை கூடினாலும் வயிறு ஒன்றுதான்.

இன்னொன்று. 5 பேருக்கான அளவை அப்படியே பத்தால் பெருக்காதீர்கள். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் அதே விகிதத்தில் வற்றாது, குழம்பு நீர்த்துப்போகும். தண்ணீரையும் உப்பையும் காரத்தையும் முக்கால் அளவில் நிறுத்தி, ருசி பார்த்துச் சேருங்கள்.

படி 3: ஆறவைப்பது (இதைத் தாண்டிப் போகாதீர்கள்)

நான் கோட்டைவிட்டது இங்கேதான். கொதித்த குழம்பில் கிருமி ஏது என்று நினைத்தேன். சில கிருமிகளின் வித்துகள் (கெட்டி உறைக்குள் உறங்கும் வடிவம்) கொதிநிலையிலும் சாவதில்லை. சூடு இறங்க இறங்க விழித்துக்கொண்டு பெருகத் தொடங்கும். 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்டது அவற்றுக்கு நல்ல காலம். குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற கிருமிக்கு 45 டிகிரியை ஒட்டிய சூடு மிகவும் பிடிக்கும். ஆழமான அண்டாவின் நடுப்பகுதி இரவெல்லாம் கிட்டத்தட்ட அந்தச் சூட்டில்தான் கிடக்கும், போதாக்குறைக்கு மேலே நான் மூடியும் போட்டிருந்தேன். புளிப்பு வாடை வந்தது என் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன். பல நேரம் வாடையே வராது, அதனால் மோந்து பார்ப்பதை ஒரு சோதனையாக நம்ப வேண்டாம்.

கணக்கு இதுதான்: 60 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு 2 மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த 4 மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும். அண்டாவை அப்படியே ஃப்ரிட்ஜில் தள்ளினால் நடக்காது. குழம்பும் ஆறாது, பக்கத்தில் இருக்கும் பாலும் சூடாகும்.

நான் இப்போது செய்வது: அகலமான ட்ரேக்களில் 5 செ.மீ. உயரத்துக்கு மேல் போகாமல் ஊற்றுகிறேன். பாத்திரம் கழுவும் தொட்டியைச் சுத்தமாகத் தேய்த்து, ஐஸும் தண்ணீரும் நிரப்பி, ட்ரேயை அதில் மிதக்கவிட்டுக் கிளறுகிறேன். 21 டிகிரிக்கு இறங்கியதும் ஃப்ரிட்ஜ். முழுதாகக் குளிரும் வரை இறுக்கி மூடுவதில்லை.

இதைவிட எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. குழம்பைத் தண்ணீர் குறைத்துக் கெட்டியாகக் காய்ச்சுங்கள். குறைத்த தண்ணீருக்கு ஈடாக, குடிநீரில் செய்த ஐஸ்கட்டியைக் கடைசியில் போடுங்கள். கொதிக்கும் 4 கிலோ குழம்பில் 1 கிலோ ஐஸ் கரைந்தால் சூடு ஏறத்தாழ 60 டிகிரிக்கு விழுந்துவிடும். பிறகு ட்ரே வேலை பாதிதான்.

கருவி எது வாங்கலாம் என்றால், குத்திப் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர். பெரிய அண்டா வாங்காதீர்கள். இரண்டு நடுத்தரப் பாத்திரங்கள் அதைவிடச் சீக்கிரம் கொதிக்கும், சீக்கிரம் ஆறும், ஒன்று அடிபிடித்தாலும் மற்றொன்று கைகொடுக்கும்.

படி 4: மறுபடி சூடாக்குவது

அடுப்பில் வைத்து, நடுவில் 74 டிகிரி காட்டும் வரை. கீழே தண்ணீரும் சின்ன அடுப்பும் வைக்கும் பஃபே பாத்திரம் சூட்டைத் தாங்கி வைக்கத்தான், ஏற்ற அல்ல. கீழ்த்தட்டில் ஊற்றுவதும் கொதிநீராக இருக்கட்டும். அந்தப் பாத்திரம் இல்லையா? சுற்றுலாவுக்கு எடுத்துப்போகும் ஐஸ் பெட்டியில் (கூலர்) கொதிநீர் ஊற்றி 15 நிமிடம் மூடி வைத்து, கொட்டிவிட்டு, சூடான பாத்திரங்களை இடைவெளி இல்லாமல் அடுக்குங்கள். நல்ல பெட்டியென்றால் சில மணி நேரம் தாங்கும். எடுக்கும்போது 60-க்குக் குறையவில்லையா என்று மட்டும் பாருங்கள்.

படி 5: மேசை

மேசையைச் சுவரிலிருந்து இழுத்துப் போடுங்கள். இரு பக்கமும் ஆட்கள் நடந்தால் வரிசை பாதியாகும். தட்டு தொடக்கத்தில், ஸ்பூனும் காகிதத் துண்டும் கடைசியில் (முதலிலேயே கொடுத்தால் ஒரு கை அதற்கே போய்விடும்). சாதமும் சாலட்டும் முன்னால், விலை கூடிய குழம்பு கடைசியில், சின்னக் கரண்டியோடு. தட்டு ஏற்கெனவே நிரம்பியிருக்கும், அள்ளுவது தானாகக் குறையும். தண்ணீரும் பானங்களும் அறையின் எதிர்ப்பக்கம். இது ஒன்றை மாற்றினாலே நெரிசல் பாதி தீரும்.

சாவகாசமான பஃபேயில் ஆட்கள் மூன்று மணி நேரம் வந்துகொண்டே இருப்பார்கள். அதனால் எல்லாவற்றையும் ஒரே முறை பரப்பாதீர்கள். சின்ன ட்ரேக்களாக வெளியே வரட்டும், மீதி உள்ளே சூட்டிலோ குளிரிலோ இருக்கட்டும். மாஸ்கிங் டேப்பில் வெளியே வைத்த நேரத்தை எழுதி ஒட்டுங்கள். சூடோ ஐஸோ இல்லாமல் வைத்தது 2 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். பழைய ட்ரேயின் மேல் புதியதைக் கொட்டாமல், ட்ரேயையே மாற்றுங்கள்.

பிறகு சேர்த்தவை

பின்னூட்டத்தில் ஒருவர் "சாதம்தானே, வெளியே இருந்தால் என்ன?" என்று கேட்டிருந்தார். சாதத்திலும் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் தாங்கும். அது விடும் ஒருவகை நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. சாதத்தை அன்றைக்கே வடியுங்கள், அதுவும் இரண்டு தவணையாக.

இன்னொருவர் வீட்டில் இரண்டு மின்குக்கரையும் கெட்டிலையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகி, விருந்தினர் வந்த நேரத்தில் வீடே இருட்டாகிவிட்டதாம். கருவிகளின் வாட்டைக் கூட்டி, பலகையில் எழுதியிருக்கும் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முந்தைய நாளே எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டும் பார்த்துவிடுங்கள்.

வேர்க்கடலை, பால், முட்டை ஒவ்வாதவர்கள் இருப்பார்கள். பெயர்ச்சீட்டில் உணவின் பெயரோடு இவற்றையும் எழுதுங்கள் என்று மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். நான் விட்டது தவறுதான். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனிக் கரண்டி, அதை வைக்க ஒரு சின்னத் தட்டு. சைவக் கரண்டி இறைச்சியில் போவதும் இதனால் நிற்கும்.

கடைசியாக, பஃபே பாத்திரத்தின் அடியில் டப்பாவில் எரியும் ஜெல் எரிபொருள். பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மேலே இன்னும் ஜெல் ஊற்றப் போன என் தம்பியின் கையை நான் தட்டிவிட்டேன். மூடியால் மூடி, முழுதாக ஆறிய பிறகு புது டப்பாவையே வையுங்கள்.