கருங்கோடு ஓடிய மாங்கட்டையில் ஓர் அலங்காரக் கிண்ணம்

பினாங்கில் கட்டைக்கு அலைய வேண்டியதில்லை. பாலிக் புலாவ் பக்கம் கிழட்டு மாமரத்தைச் சாய்த்தால் பாதிக் கட்டை வேலியோரம் மழையில் கிடக்கும். கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். அப்படி மக்க ஆரம்பித்த கட்டைதான் நமக்கு வேண்டும். அறுத்தால் உள்ளே மெல்லிய கறுப்புக் கோடுகள் வளைந்து ஓடும். வெவ்வேறு பூஞ்சைகள் ஒன்றையொன்று அண்டவிடாமல் மரத்துக்குள் போட்டுக்கொண்ட வரப்புகள் அவை.

முதலில் நகச் சோதனை. லேசாகப் பதிந்தால் பரவாயில்லை. நகம் உள்ளே இறங்கினாலோ நார் நாராகப் பிய்ந்தாலோ, கோடு எவ்வளவு அழகாக இருந்தாலும் அடுப்புக்குத்தான். மரத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரமான லேத்தில் சுழலும்போது உடைந்து முகத்துக்கே வரும். கோடு இன்னும் வேண்டுமென்றால் நிழலில் தார்ப்பாய் போட்டு மூடி, அவ்வப்போது பாருங்கள். மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே போனால் பூஞ்சை வளராது.

அடுத்து, கட்டையை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து நடுமையத்தைச் செதுக்கி எறியுங்கள். அதை விட்டால் வெடிக்கும். 8 அங்குல வட்டமாக வெட்டி, தட்டைப் பக்கத்தில் முகத்தட்டை, அதாவது கட்டையை லேத்தில் மாட்டும் இரும்புத் தட்டை, வையுங்கள். திருகாணிகள் உறுதியான மரத்தில் இறங்க வேண்டும்.

முகக்கவசமும் தூசி மாஸ்க்கும் போடாமல் சுவிட்சைத் தொடாதீர்கள். பறப்பது பூஞ்சைத் தூள். நிமிடத்துக்கு 500 சுற்றில் தொடங்கலாம். உளியின் சரிவு (கூர்முனைக்குப் பின்னால் சாய்வாகத் தீட்டிய பரப்பு) முதலில் மரத்தில் படியட்டும், பிறகு கைப்பிடியை மெல்ல உயர்த்துங்கள், சீவல் சுருண்டு வரும். வெளிப்பக்கம் அடியிலிருந்து விளிம்புக்கு. அடியில் சக் (லேத்தின் கவ்வும் பிடி) கவ்வ ஒரு முளை விட்டு, திருப்பி மாட்டி, உள்பக்கத்தை விளிம்பிலிருந்து மையத்துக்குக் குடையுங்கள்.

சுவர் முக்கால் அங்குலம் இருக்கும்போதே நிறுத்துங்கள். நாளிதழில் சுற்றி, காற்றோட்டமான இடத்தில் வைத்து வாராவாரம் எடை போடுங்கள். தாள் ஈரமானால் மாற்றுங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது, ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்துக்கு மட்டும்! ஏர்கோன் அறைக்குப் போகிற கிண்ணம் இன்னும் சுருங்கும். அதை அந்த அறையிலேயே சில வாரம் வைத்துவிட்டு இறுதிக் கடைசல் போடுங்கள்.

இறுதிக் கடைசலுக்குப் புதிதாகத் தீட்டிய உளி. பொடியும் இடத்தில் நீர்த்த சூப்பர் குளூ விட்டுக் காயவிடுங்கள். உப்புத்தாள் 120இல் தொடங்கி 400 வரை, அழுத்தாமல். அழுத்தினால் மெத்தென்ற பகுதி பள்ளமாகும்.

எண்ணெய் பூசினால் வெளுத்த பகுதி மஞ்சளாகிக் கோட்டின் எடுப்பு குறைகிறது. எனக்கு நிறமற்ற அக்ரிலிக் வார்னிஷ்தான் பிடிக்கும், மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை. முறுக்கு, மிக்சர் வைக்க வேண்டாம், சாவிக்கொத்து போட்டுக்கொள்ளலாம்.