அன்செய் காலத் தேதியை ஆங்கிலத் தேதியாக மாற்றுவது எப்படி?

ஜப்பானின் அன்செய் காலத்தைப் (1855–1860) பற்றிப் படிக்க ஆரம்பித்தால் முதலில் தலைசுற்ற வைப்பவை தேதிகள்தான். பூகம்பங்கள், சூறாவளி, காலரா, அமெரிக்காவுடன் ஒப்பந்தம், தலைமை அமைச்சர் கொலை என்று சில ஆண்டுகளுக்குள் எல்லாம் வந்து விழுகின்றன. ஒரே சம்பவத்துக்கு ஒரு நூலில் ஒரு தேதி, இன்னொன்றில் வேறு தேதி. இவற்றை வரிசைப்படுத்த நான் பின்பற்றும் முறை இது.

படி 1: தேதியைக் காலப்பெயர் (ஆண்டுகளை எண்ண ஜப்பானில் சூட்டும் ‘அன்செய்’ போன்ற பெயர்), ஆண்டு, மாதம், நாள் என்று பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். ‘கன்னென்’ என்று இருந்தால் அது முதலாம் ஆண்டு.

படி 2: அன்செய் ஆண்டுடன் 1853ஐக் கூட்டுங்கள். அன்செய் 2 என்றால் 1855. முந்தைய காயெய் காலத்துக்கு 1847, பிந்தைய மான்என் காலத்துக்கு 1859.

படி 3: மாதத்தை மாற்றுங்கள். பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான், அதனால் நிதானமாகப் பார்ப்போம். அன்றைய ஜப்பானிய மாதம் அமாவாசையில் தொடங்குவது. பத்தாம் மாதத்தை அக்டோபர் என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. எடோ நகரைக் (இன்றைய டோக்கியோ) குலைத்த பூகம்பம் அன்செய் 2, பத்தாம் மாதம் 2ஆம் நாள் இரவில் வந்தது. நம் கணக்கில் அது 1855 நவம்பர் 11.

ஆண்டுக் கடைசி இன்னும் மோசம். ரஷ்யத் தூதர் புத்யாத்தின் வந்த ‘டயானா’ கப்பல் ஷிமோடா துறைமுகத்தில் சுனாமியில் சிக்கிச் சிதைந்தது. ஆனாலும் அவர் பேச்சுவார்த்தையை விடவில்லை, அதே ஊரில் ஒப்பந்தம் கையெழுத்தானது: அன்செய் 1, பன்னிரண்டாம் மாதம் 21. கூட்டிப் பார்த்தால் 1854 என்று வரும். சரியான தேதி 1855 பிப்ரவரி 7. ஆகவே 11, 12ஆம் மாதத் தேதி எதைக் கண்டாலும் அடுத்த ஆண்டுக்குத் தாண்டிவிட்டதா என்று பாருங்கள்.

அப்புறம் அதிக மாதம். அன்செய் 4இல் ஐந்தாம் மாதம் இரண்டு முறை வருகிறது. மூலத்தில் ‘உரூ’ என்ற முன்னொட்டு இருந்தால் அது இரண்டாவது ஐந்தாம் மாதம். அதை விட்டுவிட்டால் ஒரு மாதம் பிசகும்.

படி 4: நிலவை வைத்துச் சரிபாருங்கள். நாள் எண்ணே பிறையைச் சொல்லிவிடும்: 1 அமாவாசை, 15ஐ ஒட்டிப் பௌர்ணமி. நான் ஸ்டெல்லேரியம் என்ற, வானத்தைக் காட்டும் மென்பொருளைத் திறந்து, இடத்தை டோக்கியோ என்று வைத்து, கிடைத்த தேதியைப் போட்டுப் பார்ப்பேன். பூகம்ப இரவில் மெல்லிய பிறைதான் இருக்க வேண்டும். முழுநிலா தெரிந்தால் கணக்கில் கோளாறு.

மாற்றிய தேதிகளின் பட்டியலை எக்செல்லில் போடாதீர்கள். 1900க்கு முந்தைய தேதியை அது தேதியாகவே மதிக்காது. லிப்ரே ஆபீஸ் கால்க் இதற்கு எவ்வளவோ மேல்.

பின்சேர்க்கை: ‘டோக்காய், நான்காய் பகுதிகளின் பூகம்பங்கள் காயெய் 7, பதினொன்றாம் மாதம் 4, 5 தேதிகளில் வந்தவை, பிறகு ஏன் அன்செய் பூகம்பங்கள் என்கிறார்கள்?’ என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. அவை வந்தது 1854 டிசம்பர் 23, 24. காலப்பெயரை மாற்றியது அதே பதினொன்றாம் மாதம் 27ஆம் நாள், அதாவது 1855 ஜனவரி 15. பெயர் மாறினால் அந்த ஆண்டு முழுவதையும் புதுப் பெயரிலேயே எண்ணும் வழக்கம் உண்டு. அதனால் காயெய் 7ம் அன்செய் 1ம் ஒரே ஆண்டுதான்.

மறுமுனையிலும் இதே சிக்கல். தலைமை அமைச்சர் ஈ நவோசுகே எடோ கோட்டையின் சகுராடா வாயிலருகே கொல்லப்பட்டது அன்செய் 7, மூன்றாம் மாதம் 3. சில நூல்களில் மான்என் 1 என்று இருக்கும், இரண்டும் சரி. அன்று பண்டிகை நாள், பிரபுக்கள் கோட்டைக்குப் போகும் வழக்கம். பனி கொட்டியதால் காவலர்கள் வாள் பிடிகளுக்கு உறை போட்டிருந்தார்கள், சட்டென்று உருவ முடியவில்லை. இதை மார்ச் 3 என்று படித்தால் பனி சாதாரணமாகத் தோன்றும். நடந்தது 1860 மார்ச் 24, வசந்தம் தொடங்கிய பிறகு.

1868இல் தொடங்கிய மெய்ஜி காலத் தேதிகளுக்கும் இதே முறையா என்று இன்னொருவர் கேட்டார். மெய்ஜி 5 வரை ஆம், 1867ஐக் கூட்டுங்கள். அந்த ஆண்டின் பன்னிரண்டாம் மாதம் 3ஆம் நாளையே 1873 ஜனவரி 1 ஆக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டாம் படியே போதும்.