மாடு ஏற்றுமதிக்கு வெளிநாட்டுச் சந்தையைத் திறப்பது: சான்றிதழ்ப் பேச்சுவார்த்தைக்கு ஒரு வழிகாட்டி

விலை கட்டுப்படியாகிறது, வாங்க ஆளும் இருக்கிறது, ஆனாலும் மாடு கப்பலேறவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் நோய்தான். இரு நாட்டுக் கால்நடைத் துறைகளும் ஒரு சுகாதாரச் சான்றிதழின் வாசகத்தை ஒப்புக்கொள்ளும்வரை சந்தை மூடியே கிடக்கும். அந்த வாசகத்தின் ஒவ்வொரு வரியிலும் உங்கள் கால்நடை மருத்துவர் நேரில் சரிபார்த்துக் கையெழுத்துப் போட முடிய வேண்டும். பேச்சுவார்த்தை முழுவதும் இதைச் சுற்றித்தான்.

முதலில், எந்த மாடு என்பதை முடிவு செய்யுங்கள். வெட்டுக்குப் போகும் மாடு, கொழுக்க வைக்க வாங்கும் இளங்காளை, இனவிருத்திக்கான கிடேரி என ஒவ்வொன்றுக்கும் ஆபத்தின் அளவு வேறு. மூன்றையும் ஒரே விண்ணப்பத்தில் கேட்டால் கடினமான ஒன்றுக்காக மற்ற இரண்டும் காத்துக் கிடக்கும். இறங்கிய சில நாளில் வெட்டப்படும் மாட்டில் தொடங்குவது எளிது. நோய் அனுமதி மட்டும் போதாது என்பதையும் மறக்க வேண்டாம். சுங்கவரி, ஒதுக்கீடு, இறக்குமதி உரிமம் மூன்றையும் வணிகத் துறை மூலம் தனியாகக் கேட்டறியுங்கள். இந்தோனேசியா ஒரு காலத்தில் 350 கிலோவுக்கு மேற்பட்ட கொழுக்க வைக்கும் மாட்டை அனுமதிக்கவில்லை. நோய்ச் சான்று எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் எடை கூடினால் மாடு உள்ளே போகாது.

விண்ணப்பம் உங்கள் தலைமைக் கால்நடை அதிகாரியிடமிருந்து அவர்களுடைய தலைமைக் கால்நடை அதிகாரிக்குப் போக வேண்டும். கூடவே நோய்த் தடுப்புச் சட்டம், களத்தில் உள்ள மருத்துவர்களின் எண்ணிக்கை, ஆய்வகங்களின் தகுதி, எத்தனை மாடுகளில் எத்தனை மாதிரி எடுத்தீர்கள் என்ற கணக்கு, காது வில்லைப் பதிவு முறை, கடந்த நோய்ப் பரவல்களின் தேதிகள் ஆகியவற்றை வையுங்கள். அனுப்பும் முன், பாரிஸில் உள்ள உலக விலங்கு சுகாதார அமைப்புக்கு நீங்கள் ஏற்கெனவே கொடுத்த எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் முரண்பட்டால் எதிர்த்தரப்பின் கண்ணில் முதலில் படுவது அதுதான். அதன்பின் மற்ற எண்களையும் நம்ப மாட்டார்கள்.

பரிசீலனைக்கு எவ்வளவு காலம் ஆகும் என்று எழுத்தில் கேளுங்கள். உலக வணிக அமைப்பின் சுகாதார ஒப்பந்தம், தேவையற்ற தாமதம் கூடாது என்கிறது. கேட்டால் கால அளவைத் தெரிவிக்கவும் சொல்கிறது. மாட்டிறைச்சிக்காக 2002-இல் அமெரிக்காவிடம் விண்ணப்பித்த அர்ஜென்டினாவுக்கு, தாமதம் நியாயமற்றது என்ற தீர்ப்பு 2015-இல்தான் கிடைத்தது. வழக்கு கடைசி வழி. அதற்குள் நீங்கள் அனுப்பிய ஒவ்வொரு நினைவூட்டுக் கடிதமும் ஆவணமாக இருக்க வேண்டும். நாட்டின் ஒரு பகுதியில் மட்டும் கோமாரி இருந்தால், நோயற்ற பகுதியைத் தனி மண்டலமாக ஏற்கும்படி கேட்க அதே ஒப்பந்தம் இடம் தருகிறது. எல்லைச் சாவடியும் நடமாட்டப் பதிவும் இல்லாத மண்டலம் வெறும் கோடுதான்.

இனி சான்றிதழ் வரிகள். இங்கே அவசரப்படக் கூடாது.

“இந்த மாடு ஒருபோதும் நோயுற்ற மாட்டுடன் சேர்ந்ததில்லை” போன்ற வரியை எந்த மருத்துவராலும் சரிபார்க்க முடியாது. “கடந்த 90 நாள் இன்ன பண்ணையில் இருந்தது, அந்தக் காலத்தில் அங்கே நோய் பதிவாகவில்லை” என்று மாற்றக் கேளுங்கள்; பதிவேட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போடலாம்.

நீலநாக்கு நோய்க்கு எதிர்ப்பொருள் இருக்கவே கூடாது என்று கேட்டால், வெப்ப நாட்டு மந்தையில் பாதிக்குமேல் தள்ளுபடியாகிவிடலாம். எதிர்ப்பொருள் என்பது முன்பு நோய் வந்து போனதற்கான அடையாளம். மாடு தொற்றைப் பரப்பக்கூடிய காலமாகச் சர்வதேச விதி வைப்பது 60 நாள்; எதிர்ப்பொருளோ அதன் பிறகும் ரத்தத்தில் இருக்கும். ஆகவே வைரஸையே தேடும் பி.சி.ஆர். பரிசோதனையைக் கேளுங்கள். கன்று வீச்சு நோய்க்கு (புருசெல்லோசிஸ்) எஸ்-19 என்ற தடுப்பூசி போட்ட கிடேரி ரத்தப் பரிசோதனையில் நோயுள்ளதைப்போலவே காட்டக்கூடும். தடுப்பூசி போட்டவற்றுக்குத் தனி வரி இல்லையென்றால் உங்கள் நல்ல மாடுகளே விழும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், ஒரு மாடு ‘பாசிட்டிவ்’ என்றால் என்ன செய்வது என்பது. 99 சதவீதம் துல்லியமான சோதனைகூட நோயே இல்லாத 1,000 மாட்டில் சுமார் 10-ஐத் தவறாகச் சுட்டும். அந்த மாட்டை மட்டும் விலக்குவதா, மொத்தத் தொகுதியையும் நிராகரிப்பதா? உறுதி செய்யும் இரண்டாவது பரிசோதனை உண்டா? எழுதாமல் விட்டால், துறைமுகத்தில் இருக்கும் அதிகாரி தன் விருப்பப்படி முடிவெடுப்பார்.

நாள் கணக்கையும் பின்னோக்கிப் போடுங்கள். கப்பல் புறப்படும் நாளிலிருந்து தனிமைக் கொட்டகை நாட்கள், ரத்த மாதிரி, ஆய்வக முடிவு என வரிசையாகக் கழியுங்கள். காசநோயைக் கண்டறியும் டியூபர்குலின் ஊசியைத் தோலில் போட்டு, அந்த இடத்தில் வீக்கம் உண்டா என்று 72 மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். அடுத்த ஊசிக்கு 42 நாள் இடைவெளி வேண்டும். கப்பல் ஒரு வாரம் தாமதித்து முடிவின் செல்லுபடி காலம் முடிந்தால், மறுபரிசோதனை செய்ய வழியில்லாமல் மாடுகள் கொட்டகையில் தீனி தின்றுகொண்டிருக்கும். செல்லுபடி காலத்தோடு தாமதத்துக்கான கூடுதல் நாட்களையும் பேசி வாங்குங்கள்.

நோய் வந்தால் என்ன என்பதைச் சந்தை திறக்கும் முன்பே எழுதிவிட வேண்டும். பித்துப்பசு நோயின் (பி.எஸ்.இ.) வழக்கத்துக்கு மாறான ஒரு வகை, வயதான மாட்டில் தானாகத் தோன்றக்கூடியது. அதனால் ஒரு நாட்டின் சர்வதேச நோய்த் தகுதி மாறாது. அப்படியிருந்தும் 2021 செப்டம்பரில் பிரேசில் இரண்டு மாடுகளில் அதைக் கண்டதும், சீனாவுடன் செய்திருந்த உடன்பாட்டின்படி தானே மாட்டிறைச்சி ஏற்றுமதியை நிறுத்தியது. சீனா மீண்டும் திறந்தது டிசம்பர் நடுவில். எந்த நோய்க்கு நிறுத்தம், நாடு முழுவதுமா மண்டலம் மட்டுமா, எத்தனை நாளில் மறுபரிசீலனை, ஏற்கெனவே கடலில் உள்ள கப்பலின் கதி என்ன ஆகிய நான்குக்கும் வாசகத்தில் விடை இருக்க வேண்டும்.

அடுத்து அவர்கள் நேரில் ஆய்வுக்கு வருவார்கள். காட்டுவதற்கென்று ஒரு மாதிரிப் பண்ணையைத் தயார் செய்வதைவிட, எந்தப் பண்ணைக்குப் போனாலும் வில்லை எண்ணும் பதிவேடும் பொருந்துமாறு வையுங்கள். ஒரு மாட்டைச் சுட்டி, ‘இது எங்கிருந்து வந்தது’ என்று கேட்பது அவர்கள் வழக்கம்.

முதல் கப்பலில் குறைவான மாடுகளை ஏற்றுங்கள். ஏற்றும் முன் ஒவ்வொரு வில்லை எண்ணையும் சான்றிதழ் இணைப்போடு இருவர் சரிபார்க்கட்டும். முதல் சரக்கில் ஓர் எண் பிசகினாலும், அந்த மாட்டோடு சேர்த்து உங்கள் பதிவு முறையையே அவர்கள் சந்தேகிப்பார்கள்.