தூண்டலுக்கு இசையும் மரபணுக் கடத்திகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அழகப்பா பல்கலைக்கழகமும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரியும் அமைந்த காரைக்குடியில், வேதியியலோ இயற்பியலோ படித்துவிட்டு அமிலத்தன்மை, வேதிச்சூழல், வெப்பம் போன்ற தூண்டலுக்கு ஏற்ப மாறிச் சுமையை விடுவிக்கும் நானோ துகள்களால் மரபணுவைச் செல்லுக்குள் செலுத்த முனையும் மாணவர்கள், துகளைத் தயாரிப்பதில் காட்டும் கவனத்தை, செல்லுக்குள் அது என்ன ஆகிறது என்று பார்ப்பதிலும் காட்ட வேண்டும்.

ஒளிரும் சாயம் ஏற்றிய துகள் செல்லுக்குள் தெரிந்தவுடன் மரபணு சேர்ந்துவிட்டதாக எழுதிவிடுவது பரவலான தவறு. செல் விழுங்கிய துகள் முதலில் எண்டோசோம் என்னும் சவ்வுப் பையில்தான் அடைபடுகிறது. செட்டிநாட்டு வீட்டின் முகப்பில் உட்கார்ந்திருப்பவர் உள்முற்றமான வளவுக்குள் வந்துவிட்டதாகச் சொல்ல முடியாதல்லவா? கொழுப்பு நானோ துகள்கள் சுமந்து சென்ற, மரபணுவின் செயலை அடக்கும் குறுக்கீட்டு ஆர்.என்.ஏ.யில் ஓரிரு விழுக்காடே, உட்கருவைச் சூழ்ந்த செல் திரவமான சைட்டோபிளாசத்துக்குத் தப்பி வந்ததாக 2013-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. புரதம் செய்வதற்கான செய்தியைச் சுமக்கும் எம்.ஆர்.என்.ஏ.வுக்கு அவ்வளவு தூரம் போதும், மரபணுவைத் தாங்கிய வட்ட வடிவ பிளாஸ்மிட் டி.என்.ஏ.வோ உட்கருவுக்குள்ளும் நுழைந்தாக வேண்டும். ஆகவே சாயத்தோடு நின்றுவிடாமல், அந்த மரபணு உருவாக்கும் புரதத்தையும் அளக்க வேண்டும்.

அமிலத்தன்மையில்தான் குழப்பம் மிகுதி. அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு (குறையக் குறைய அமிலம் மிகுதி) ரத்தத்தில் 7.4; புற்றுக்கட்டியைச் சூழ்ந்த திரவத்தில் பெரும்பாலும் 6.5 முதல் 7 வரை, தொடக்கநிலை எண்டோசோமில் 6-ஐ ஒட்டியது, செல்லின் செரிமானப் பையான லைசோசோமில் 4.5 முதல் 5 வரை. பி.எச். 5 கரைசலில் சுமையை விடுவிக்கும் துகளைப் புற்றுக்கட்டியைக் கண்டதும் திறப்பதாக எழுதுவது பொருந்தாது. லைசோசோமை அடைந்தபின் திறந்தாலோ, அங்குள்ள நொதிகள் சுமையைச் சிதைத்துவிடும். 2018-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பாட்டிசிரான் என்னும் குறுக்கீட்டு ஆர்.என்.ஏ. மருந்திலுள்ள அயனியாகும் (அமிலச் சூழலில் மின்னேற்றம் பெறும்) கொழுப்பு, ஏறத்தாழ 6.4 என்ற பி.எச். அளவில் பாதியளவு மின்னேற்றம் பெறுகிறது. ரத்தத்தில் அநேகமாக நடுநிலையாகவும் எண்டோசோமில் நேர்மின்னேற்றத்தோடும் இருக்கும்படி, இந்தக் குறுகிய இடைவெளியைப் பார்த்தே அது தேர்ந்தெடுக்கப்பட்டது.

செல்லில் இயல்பாக உள்ள குளுட்டாதயோன் என்னும் சிறு மூலக்கூறால் உடையும் டைசல்பைடு (இரு கந்தக அணுக்களின்) பிணைப்பை, அந்த மூலக்கூறின் 10 மில்லிமோலார் கரைசலில் மட்டும் சோதித்தால் போதாது. சைட்டோபிளாசத்தில் 1 முதல் 10 மில்லிமோலார் வரை உள்ள குளுட்டாதயோன், ரத்தத்தில் மைக்ரோமோலார் அளவே உள்ளதால், அங்கே பிணைப்பு உடையாமல் நிற்பதையும் காட்ட வேண்டும். அந்தப் பிணைப்பு மட்டும் இல்லாத, மற்றபடி ஒத்த துகளோடு ஒப்பிடாவிட்டால், கிடைத்த பலன் தூண்டலால் வந்ததா, துகளின் அளவாலோ மின்னேற்றத்தாலோ வந்ததா என்று பிரித்தறிய வழியில்லை. இந்த ஒப்பீடு இல்லாத முடிவுகளை நான் ஏற்பதில்லை.

வெப்பத்துக்கு இசையும் பாலி-என்-ஐசோபுரோப்பைல்அக்ரிலமைடு என்னும் பாலிமர் நீரில் ஏறத்தாழ 32 டிகிரி செல்சியசில் சுருங்கிவிடும். அக்னி நட்சத்திர நாட்களில் மின்சாரம் நின்று குளிர்சாதனம் ஓய்ந்தால், காரைக்குடியில் ஆய்வக மேசையே அந்த வெப்பநிலையைத் தாண்டக்கூடும். எனவே குறிப்பேட்டில் பழக்கத்தால் 25 டிகிரி என்று எழுதாமல், துகளின் அளவைக் கணித்த நேரத்தில் கரைசல் இருந்த வெப்பநிலையைப் பதிய வேண்டும்.