கான்ஃபரன்ஸ் பெருசாகும்போது டிவிஷன் பிரிக்கிறதுல திரும்பத் திரும்ப நடக்குற தப்புகள்

அமெரிக்க காலேஜ் ஃபுட்பால்ல ஒரு கான்ஃபரன்ஸ், அதாவது பல காலேஜ் டீம் சேர்ந்த ஒரு லீக், புதுசா ரெண்டு டீமைச் சேர்க்குதுன்னு நியூஸ் வந்தாலே போதும், ஆளாளுக்கு ஒரு மேப்பை எடுத்து வெச்சுக்கிட்டு நடுவுல கோடு போட்டு இது ஈஸ்ட் டிவிஷன் அது வெஸ்ட் டிவிஷன்னு ரெண்டாப் பிரிக்க ஆரம்பிச்சிடுவாங்க. பெரிய தப்பே அங்கதான். முதல்ல எண்ண வேண்டியது மேட்ச். ஒரு டீமுக்கு சீசனுக்கு 12 மேட்ச், அதுல சொந்த கான்ஃபரன்ஸுக்குள்ள ஆடுறது எட்டோ ஒன்பதோதான், அந்த எட்டை யாருக்கு எத்தனைன்னு பங்கு போட்டுப் பாக்காம போடுற எந்தக் கோடும் நிக்காது.

எஸ்இசிங்கிற கான்ஃபரன்ஸ் கதையையே பாருங்க. 1992ல ஆர்கன்சாவும் சவுத் கரோலினாவும் வந்து 12 டீம் ஆனப்போ ரெண்டு டிவிஷனாப் பிரிச்சு ரெண்டு டிவிஷன்ல ஜெயிச்சவங்களும் மோதுற டைட்டில் மேட்ச்சை முதல்ல நடத்தினதே இவங்கதான், ஆறு ஆறா இருந்த வரைக்கும் ஓரளவு சரியாத்தான் ஓடுச்சு. 2012ல மிசௌரியும் டெக்சஸ் ஏ அண்ட் எம்மும் சேர்ந்து 14 ஆச்சு, ஆனா கான்ஃபரன்ஸ் மேட்ச் எட்டுலயே நின்னுடுச்சு. ஏழு பேர் டிவிஷன்ல ஆறு மேட்ச் உள்ளுக்குள்ளயே போயிடும், ஏழாவது மேட்ச் எதிர் டிவிஷன்ல இருக்குற நிரந்தர எதிரியோட, அதாவது அலபாமாவுக்கு டென்னஸி, ஆபர்னுக்கு ஜார்ஜியா, அந்த மாதிரி. மிச்சம் ஒரே ஒரு மேட்ச், அதை மீதி ஆறு டீம்கிட்டயும் சுத்த விடணும். ஆறு வருஷத்துக்கு ஒரு தடவை பாத்துக்கலாம், அவங்க நம்ம ஸ்டேடியத்துக்கு வரணும்னா 12 வருஷம் காத்திருக்கணும். இதோட விளைவு என்னன்னா 2012ல இருந்து டிவிஷனை எடுத்த 2023 சீசன் முடியுற வரைக்கும் ஜார்ஜியா ஒரு தடவை கூட டெக்சஸ் ஏ அண்ட் எம்மோட ஊரான காலேஜ் ஸ்டேஷன்ல வந்து ஆடல. ஒரே கான்ஃபரன்ஸ்ல இருந்துக்கிட்டு ரெண்டு பேரும் மோதினதே 2019ல ஒரு தடவைதான், அதுவும் ஜார்ஜியாவோட ஊரான ஏதன்ஸ்ல. டெக்சஸ் ஏ அண்ட் எம்ல சேர்ந்து நாலு வருஷம் படிச்சு முடிச்சுப் போன பசங்க எத்தனை பேட்ச், யாருமே ஜார்ஜியாவை சொந்த மைதானத்துல பாக்கல, இதை எப்படி ஒரே குடும்பம்னு சொல்றது.

மிசௌரியை ஏன் ஈஸ்ட்ல போட்டாங்க, மேப்பைப் பாத்தா அது மேற்குலதானே இருக்கு, ஆபர்னைத் தூக்கி ஈஸ்ட்ல போட்டிருக்கலாமேன்னு அப்பவே நிறைய பேர் கேட்டாங்க. கேக்க நியாயமாத்தான் இருக்கும், ஆனா ஆபர்ன் ஈஸ்ட் போனா அலபாமாவுக்கு எதிர்ப்பக்கம் ஆபர்ன், டென்னஸின்னு ரெண்டு பேர் ஆயிடுவாங்க, நிரந்தர இடமோ ஒண்ணுதான் இருக்கு. வருஷா வருஷம் நடக்குற ரெண்டு ரைவல்ரியில ஒண்ணைப் பலி குடுக்கணும், இல்ல ஒன்பதாவது மேட்ச் சேர்க்கணும். ஒரு டீமை இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் நகர்த்துறதுக்கு முன்னாடி அதோட சேர்ந்து எத்தனை பழைய மேட்ச் அறுந்து போகுதுன்னு எண்ணிப் பாருங்க, மைல் கணக்கு அதுக்கு அப்புறம்தான்.

எனக்கு இன்னைக்கும் மனசு ஆறாதது நெப்ராஸ்கா ஓக்லஹோமா விஷயம். 1996ல பிக் 12ங்கிற கான்ஃபரன்ஸ் ஆரம்பிச்சப்போ நெப்ராஸ்கா நார்த் டிவிஷன்லயும் ஓக்லஹோமா சவுத் டிவிஷன்லயும் போயிடுச்சு, பல பத்து வருஷமா விடாம நடந்துக்கிட்டிருந்த மேட்ச், ரெண்டு வருஷம் நடக்கும் ரெண்டு வருஷம் நடக்காதுங்கிற நிலைமைக்கு வந்துச்சு. ஒரு தலைமுறை ரசிகர்கள்கிட்ட இருந்து அதைப் பிடுங்கிட்டாங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

அடுத்தது, இன்னைக்கு யார் பலம்னு பாத்துப் பிரிக்கிறது. அதே பிக் 12 ஆரம்பிச்ச காலத்துல நெப்ராஸ்கா, கொலராடோ, கான்சஸ் ஸ்டேட்னு நார்த் கைதான் ஓங்கி இருந்துச்சு. 2003ல கான்சஸ் ஸ்டேட் ஓக்லஹோமாவை 35-7ன்னு அடிச்சு டைட்டில் வாங்குச்சு, அதோட சரி, 2004ல இருந்து 2010 வரைக்கும் ஏழு வருஷமும் சவுத்துதான். பிக் டென் கான்ஃபரன்ஸ் இன்னும் மோசம். 2011ல நெப்ராஸ்கா வந்ததும் பலம் சமமா இருக்கணும்னு லெஜண்ட்ஸ், லீடர்ஸ்னு பேர் வெச்சுப் பிரிச்சாங்க, எந்த டீம் எதுல இருக்குன்னு ரசிகர்களுக்கே ஞாபகம் இருக்காது. மிச்சிகனும் ஒஹையோ ஸ்டேட்டும் வேற வேற பக்கம், அதனால நவம்பர் கடைசியில மோதிட்டு அடுத்த வாரமே டைட்டில் மேட்ச்ல மறுபடி மோதுற வாய்ப்பு இருந்துச்சு, நூறு வருஷத்துக்கு மேல ஓடுற ஒரு மேட்ச்சோட எடையையே அது குறைக்கும். 2014ல ரட்கர்ஸும் மேரிலாண்டும் வந்ததும் ஈஸ்ட் வெஸ்ட்னு மாத்தினாங்க, சரின்னு பாத்தா பலம் எல்லாம் ஈஸ்ட் பக்கம் குவிஞ்சு 2014ல இருந்து 2023 வரைக்கும் பத்து டைட்டில் மேட்ச்சும் ஈஸ்ட்டே ஜெயிச்சுது, கடைசி வருஷம் மிச்சிகன் அயோவாவை 26-0.

கனவு ஃபைனலை மனசுல வெச்சுப் பிரிக்கிறதும் வேலைக்காகாது. ஏசிசி கான்ஃபரன்ஸ் 2005ல 12 டீம் ஆனப்போ ஃப்ளோரிடா ஸ்டேட்டை அட்லாண்டிக் டிவிஷன்லயும் மியாமியை கோஸ்டல் டிவிஷன்லயும் போட்டாங்க, ரெண்டும் டைட்டில் மேட்ச்ல மோதும்னு எல்லாரும் எதிர்பார்த்தாங்க, டிவிஷன் இருந்த வரைக்கும் ஒரு தடவை கூட அது நடக்கல. கோஸ்டல்ல 2013ல இருந்து 2019 வரைக்கும் ஏழு வருஷத்துல ஏழு வேற வேற டீம் ஜெயிச்சுது. இந்தப் பிரிவுல நார்த் கரோலினாவும் வேக் ஃபாரஸ்ட்டும் ஒரே மாநிலத்துல இருந்தும் எப்பவோதான் சந்திச்சாங்க, கடைசியில அவங்களே பேசி 2019லயும் 2021லயும் கான்ஃபரன்ஸ் கணக்குல வராத மேட்ச்சா ஆடிக்கிட்டாங்க.

16 டீம்னா நாலு நாலா பாட், அதாவது சின்னச் சின்னக் குழு, போட்டு சுத்த விடலாம்னு இப்பவும் சொல்றவங்க இருக்காங்க, அவங்க டபிள்யூஏசிங்கிற கான்ஃபரன்ஸோட கதையைப் படிக்கணும். 1996ல ஹவாய்ல இருந்து டல்சா வரைக்கும் 16 டீம், நாலு குழு, அதுல ரெண்டு குழு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை டிவிஷன் மாறும். பயணச் செலவு ஒரு பக்கம், பழைய எதிரிங்க கை விட்டுப் போற கவலை இன்னொரு பக்கம். மூணே சீசன்தான், பிஒய்யூ, யூட்டா, ஏர் ஃபோர்ஸ் எல்லாம் சேர்ந்து எட்டு டீம் வெளிய போய் 1999ல மவுண்டன் வெஸ்ட்ங்கிற புது கான்ஃபரன்ஸை ஆரம்பிச்சாங்க.

டிவிஷன்ல ஜெயிச்சாப் போதும்ங்கிற விதியும் பலவீனமான டீமை மேல ஏத்தி விட்டுடும். 2011ல பேக் 12 கான்ஃபரன்ஸோட சவுத் டிவிஷன்ல யுஎஸ்சிக்கு தடை இருந்ததால 6-6, அதாவது ஆறு வெற்றி ஆறு தோல்விங்கிற ரெக்கார்டோட யூசிஎல்ஏ டைட்டில் மேட்ச்க்குப் போச்சு. இதெல்லாம் பாத்துட்டுதான் 2022ல காலேஜ் விளையாட்டை நடத்துற அமைப்பான என்சிஏஏ டிவிஷன் கட்டாயத்தை எடுத்துச்சு, பெரிய கான்ஃபரன்ஸ் எல்லாம் ஒண்ணொண்ணா டிவிஷனைக் கலைச்சு, முதல் ரெண்டு இடத்துல இருக்குறவங்களை டைட்டில் மேட்ச்க்கு அனுப்பினாங்க. ஆனா கலைச்சுட்டா எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைக்கிறதும் தப்புதான். 2024ல பிக் 12ல நாலு டீம் 7-2ன்னு ஒரே இடத்துல நின்னுச்சு, 2025ல ஏசிசில ஐந்து டீம் 6-2ன்னு நின்னு, எதிராளிங்களோட வெற்றிக் கணக்கு வரைக்கும் டை-பிரேக்கர், அதாவது சமமா நிக்கிறவங்கள்ல யாரு மேலன்னு சொல்ற விதி, போய், மொத்தத்துல 7-5ன்னு இருந்த டியூக் டைட்டில் மேட்ச் ஆடுச்சு, 10-2 மியாமி வெளிய உக்காந்து பாத்துச்சு. ஒருத்தரோட ஒருத்தர் மோதாத டீமுங்க இவ்வளவு இருக்கும்போது டை-பிரேக்கரைத்தான் முதல்ல உக்காந்து எழுதணும், நம்ம ஆளுங்க அதைக் கடைசிப் பக்கத்துல வெக்கிறாங்க.

இப்போ எஸ்இசி 2026க்குப் போட்டிருக்குற கணக்கு எனக்குப் பிடிச்சிருக்கு. 16 டீம், ஒரு டீமுக்கு 15 எதிராளி, ஒன்பது மேட்ச்ல மூணு நிரந்தரம், ஆறு சுத்தும். முதல் வருஷம் ஆறு, அடுத்த வருஷம் மீதி ஆறு, ரெண்டே வருஷத்துல எல்லாரையும் பாத்தாச்சு, நாலு வருஷத்துல எல்லா ஸ்டேடியமும் போய் வந்தாச்சு. இதுலயும் இழப்பு இருக்கு, அலபாமாவோட மூணு பேர் ஆபர்ன், டென்னஸி, மிசிசிப்பி ஸ்டேட், அதனால எல்எஸ்யூவோட வருஷா வருஷம் நடந்த மேட்ச் இனிமே ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான்.