போனைத் தொடாமலே உளவு பார்க்க முடியுமா? நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு செய்முறை

போன மாதம் ஒருநாள் இரவு பதினோரு மணிக்கு உறவுக்காரப் பெண் ஒருவர் அழைத்தார். "அண்ணா, நம்பர் மட்டும் இருந்தா போதும், நம்ம வாட்ஸ்அப்ப அப்படியே பாக்கலாமாமே, நெசமா?" யாரோ அனுப்பிய ஒரு விளம்பரத்தைப் பார்த்துப் பயந்து போயிருந்தார்.

நம்பரை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அந்த மாதிரி தளங்களில் ஒரு நம்பரைப் போட்டால் பச்சைக் கோடு ஓடும், சதவீதம் ஏறும், கடைசியில் "நீங்கள் மனிதர்தானா என்று உறுதிசெய்ய இந்த ஆப்பை இறக்குங்கள்" என்று வந்து நிற்கும். உளவு பார்க்கப் போனவர் போன்தான் மாட்டும்.

அதற்காகத் தொடாமல் நுழையவே முடியாது என்று சொன்னால் அது பொய். இஸ்ரேலைச் சேர்ந்த என்எஸ்ஓ நிறுவனத்தின் பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் அப்படித்தான் நுழைந்தது. 2019-இல் வாட்ஸ்அப் அழைப்பில் இருந்த ஓட்டை வழியாகச் சுமார் 1,400 பேர் குறிவைக்கப்பட்டார்கள். அழைப்பை அவர்கள் எடுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. 2021-இல் ஐபோனின் ஐமெசேஜ் வழியாக நுழைந்தது தெரியவந்து, ஆப்பிள் அவசரமாக ஐஓஎஸ் 14.8 வெளியிட்டது. பெகாசஸ் புகாரை விசாரிக்க இந்திய உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 போன்களைச் சோதித்து ஐந்தில் ஏதோ ஒரு தீய நிரல் இருந்ததாகச் சொன்னது. அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் இதெல்லாம் அரசுகளுக்கு மட்டும், பெரும் விலைக்கு விற்கப்படும் சரக்கு. சந்தேகப்படும் கணவருக்கோ, பொறாமை பிடித்த சக ஊழியருக்கோ கிடைக்காது.

அவர்களுக்கு இருப்பது மூன்று வழிகள். உங்கள் போன் சில நிமிடம் அவர்கள் கையில் கிடைப்பது. உங்கள் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டு தெரிந்திருப்பது. உங்களையே ஏமாற்றி ஆப்பைப் போட வைப்பது. பின்னிரண்டுக்கும் போனைத் தொட வேண்டியதில்லை. மூன்றையும் வரிசையாகச் சோதிப்போம்.

தொடங்கும் முன்

சந்தேகம் வீட்டில் இருப்பவர் மேல் என்றால், கண்டதும் அழித்துவிடாதீர்கள். ஆப் நின்றுபோனது அவருக்கு உடனே தெரியும். அடி உதைக்குப் பயப்பட வேண்டிய வீடாக இருந்தால் அது ஆபத்து. உங்கள் போனில் இதைப் பற்றித் தேடுவதும் அவர் கண்ணில் படலாம். இந்தப் பக்கத்தைக்கூட நம்பகமான தோழியின் போனில் படியுங்கள். சந்தேகமானதைப் பார்த்தால் இன்னொரு போனால் திரையைப் படம் எடுத்து வையுங்கள். ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டை ஓர் ஆண் கண்காணிப்பது, இந்தியாவின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவின்படி குற்றம். புகார் கொடுக்கும்போது அந்தப் படம் தேவைப்படும்.

படி 1: வாட்ஸ்அப்

மேலே உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, லிங்க்டு டிவைசஸ் போங்கள். ஐபோனில் இது செட்டிங்ஸுக்குள் இருக்கும். உங்களுக்குத் தெரியாத கணினியோ பிரவுசரோ இருந்தால் அதைத் தொட்டு லாக் அவுட் கொடுங்கள்.

உறவுக்காரப் பெண்ணின் போனில் மாட்டியது இங்கேதான். விண்டோஸ் கணினி ஒன்று இருந்தது, அன்று மாலைகூட இயங்கியிருந்தது. வீட்டில் கணினியே கிடையாது. யோசித்து யோசித்து நினைவுக்கு வந்தது: ஆதார் பிரிண்ட் எடுக்கப் போன ஜெராக்ஸ் கடை! க்யூஆர் ஸ்கேன் செய்து வாட்ஸ்அப் வெப் திறந்தவர், லாக் அவுட் செய்யாமல் வந்துவிட்டார். உளவு ஆப்பும் இல்லை, ஹேக்கரும் இல்லை. பார்க்க நினைத்திருந்தால் அந்தக் கடையில் இருந்த யாரும் அத்தனை சாட்டையும் பார்த்திருக்கலாம்.

க்யூஆர் இல்லாமல், எட்டு எழுத்துக் குறியீடு ஒன்றை உள்ளிட்டும் வாட்ஸ்அப்பை இணைக்கலாம். "இந்தக் குறியீட்டை உங்கள் வாட்ஸ்அப்பில் போடுங்கள்" என்று யாராவது கேட்டால் அவர் கேட்பது உங்கள் வீட்டுச் சாவியை.

படி 2: கணக்கு

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், கூகுள், மேனேஜ் யுவர் கூகுள் அக்கவுண்ட், பிறகு செக்யூரிட்டி. அங்கே யுவர் டிவைசஸ் பட்டியலில் பழைய போன், விற்ற போன், தெரியாத கணினி எல்லாவற்றையும் சைன் அவுட் செய்யுங்கள். கூகுள் மேப்ஸில் லொகேஷன் ஷேரிங் யாருக்காவது ஓடிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஐபோனில் செட்டிங்ஸின் உச்சியில் உள்ள உங்கள் பெயரைத் தொட்டால், கீழே கருவிகளின் பட்டியல் வரும். "ஐபோனைத் தொடாமலே கண்காணிக்கலாம்" என்று விற்கும் ஆப்கள் பலவும் செய்வது ஐகிளவுட் பேக்கப்பை, அதாவது ஆப்பிளின் இணையச் சேமிப்பில் இருக்கும் உங்கள் போனின் நகலைப் படிப்பதுதான். அதற்கு உங்கள் பாஸ்வேர்டும், உங்கள் போனுக்கு வரும் ஆறு இலக்க எண்ணும் வேண்டும். ஒரே சோபாவில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த எண்ணைப் பார்ப்பது பெரிய காரியமில்லை. ஐஓஎஸ் 16 முதல் இருக்கும் சேஃப்டி செக், யாரோடு எதைப் பகிர்கிறீர்கள் என்பதை ஒரே இடத்தில் காட்டிவிடும்.

பாஸ்வேர்டை மாற்றுவதென்றால் வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள். பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனையும் அப்போதே போட்டுவிடுங்கள்.

படி 3: ஆண்ட்ராய்டில் ஒளிந்திருக்கும் ஆப்

முதலில் பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, தீய ஆப்களைத் தேடும் பிளே புரொடெக்ட் போய் ஸ்கேன் கொடுங்கள். நீங்கள் அணைக்காமலே அது அணைந்திருந்தால், யாரோ உங்கள் போனில் வேலை பார்த்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். உளவு ஆப்பைப் போடுபவர் பெரும்பாலும் முதலில் செய்வது அதை அணைப்பதுதான்.

அடுத்து செட்டிங்ஸில் ஆக்சசிபிலிட்டி. பார்வையில்லாதவர்களுக்குத் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்வதற்காக வந்த வசதி இது. அதனாலேயே, இந்த அனுமதி பெற்ற ஆப் திரையில் வரும் எதையும் படிக்கலாம், உங்களுக்குப் பதிலாகப் பட்டனையும் அழுத்தலாம். வாட்ஸ்அப் செய்தி பூட்டப்பட்டு வருகிறதே என்றால், திரையில் அது திறந்துதானே தெரிகிறது? டாக்பேக் போன்றவை போனோடு வந்தவை, பயமில்லை. "சிஸ்டம் சர்வீஸ்", "சிங்க்" என்று பட்டும் படாமலும் பெயர் வைத்துக்கொண்டு, நீங்கள் போடாத ஏதாவது இங்கே ஆன் ஆகியிருந்தால் அதுதான் ஆள். போனில் வரும் அறிவிப்புகளைப் படிக்க அனுமதிக்கும் நோட்டிஃபிகேஷன் ஆக்சஸையும் இதே கண்ணோடு பாருங்கள்.

அன்இன்ஸ்டால் பட்டன் மங்கலாக இருந்தால், செட்டிங்ஸின் தேடலில் டிவைஸ் அட்மின் என்று அடித்து, அங்கே அந்த ஆப்பின் அனுமதியை எடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

பேட்டரி சீக்கிரம் இறங்கினால் உளவு ஆப் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். மூன்று வருடப் பழைய போன் மே மாத வெயிலில் சுடத்தான் செய்யும். அதை மட்டும் வைத்து யார் மேலும் பழி போடாதீர்கள்.

படி 4: நாமே திறந்துவிடும் கதவு

போக்குவரத்து அபராதம், கல்யாணப் பத்திரிகை, வங்கி கேஒய்சி என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்புதான் இப்போது இந்தியாவில் பலரை விழவைக்கிறது. பத்திரிகை படமாக வரும், அல்லது பிடிஎஃப்பாக வரும். ஏபிகே என்று முடிந்தால் அது ஆப். போட்டுவிட்டு எஸ்எம்எஸ் அனுமதியும் கொடுத்தால், ஓடிபி நேராக அவர்களுக்குப் போகும்.

செட்டிங்ஸின் தேடலில் இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ் என்று அடியுங்கள். வாட்ஸ்அப், குரோம், ஃபைல் மேனேஜர் எல்லாவற்றுக்கும் அனுமதி இல்லை என்றே இருக்க வேண்டும். ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? உடனே ஃப்ளைட் மோடு, வைஃபையும் ஆஃப். வேறு போனிலிருந்து வங்கிக்கும், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் அழையுங்கள்.

படி 5: பூட்டு

கால் ஃபார்வர்டிங் உங்களுக்குத் தெரியாத நம்பருக்குப் போகிறதா என்று கால் செட்டிங்ஸில் ஒருமுறை பாருங்கள். மென்பொருள் அப்டேட் காத்திருந்தால் போட்டுவிடுங்கள். பெகாசஸ் நுழைந்த ஓட்டைகளும் அப்டேட்டில்தான் அடைக்கப்பட்டன. எதுவும் சரிவராவிட்டால் போனில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கும் ஃபேக்டரி ரீசெட், ஆனால் பழைய ஆப்களை பேக்கப்பிலிருந்து அப்படியே திரும்பக் கொண்டுவராமல் பிளே ஸ்டோரிலிருந்து ஒவ்வொன்றாகப் போடுங்கள்.

கடைசியாக ஃபிங்கர்பிரிண்ட் பட்டியலைத் திறந்து எத்தனை விரல் பதிவாகியிருக்கிறது என்று எண்ணுங்கள். பின் நம்பரை மாற்றிவிட்டு இதை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. எல்லா விரலையும் அழித்துவிட்டு உங்களுடையதை மட்டும் மறுபடி பதியுங்கள்.